கேசட்டிலிருந்து எடுத்த டிரம் ஒலிகள்: இரைச்சலை நீக்கினால் அடியும் சேர்ந்து செத்துவிடுகிறது

கேசட்காலம் எழுதியது:

நாங்கள் நான்கு பேர் இசைக்குழு நடத்திய காலத்தில் ஒத்திகைகளைக் கேசட்டில் பதிவு செய்து வைத்திருந்தோம். ஒரு கேசட்டில், பாட்டு தொடங்குவதற்கு முன் எங்கள் டிரம்மர் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும் பகுதி சிக்கியது. கிக் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்), ஸ்னேர் (அடியில் கம்பிகள் பூட்டிய டிரம்), ஹை-ஹாட் (ஜோடித் தட்டு) மூன்றையும் தனித்தனியாக வெட்டி எடுத்துவிட்டேன். இப்போது செய்துகொண்டிருக்கும் பாட்டு முழுவதையும் இந்த மூன்று ஒலிகளை வைத்தே நடத்த ஆசை.

சிக்கல் இரண்டு.

ஸ்னேரில் கேசட்டின் ‘ஸ்ஸ்’ இரைச்சல் நிறைய. இரைச்சல் நீக்கியை எடுத்து, அடிக்கு முந்தைய மௌனப் பகுதியை மாதிரியாகக் காட்டி, 24 டெசிபல் குறைத்தேன். இரைச்சல் போய்விட்டது. ஸ்னேரும் போய்விட்டது. ஈரமான அட்டைப்பெட்டியில் குச்சியால் தட்டியதுபோல் இருக்கிறது. அதன் வால் பகுதி தண்ணீருக்கடியில் யாரோ சில்லறை குலுக்குவதுபோல் கேட்கிறது.

கிக்கில் ‘உம்ம்’ என்ற ஹம். 50 ஹெர்ட்ஸில் குறுகிய நாட்ச் ஃபில்டர் (அந்த அதிர்வெண்ணை மட்டும் வெட்டுவது) போட்டேன். ஹம் அப்படியே இருக்கிறது, கிக்கின் வயிறுதான் காணாமல் போனது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. எங்கே தவறு செய்கிறேன்?

ஒலிச்சிற்பி எழுதியது:

ஸ்னேர் செத்த காரணம் எளிது. இரைச்சல் நீக்கி ஒலியைத் துண்டு துண்டாக எடுத்து, ஒவ்வொரு துண்டையும் அதிர்வெண்களாகப் பிரித்துப் பார்த்துத்தான் எதை வைப்பது, எதை எறிவது என்று முடிவு செய்கிறது. துண்டின் நீளம் 4096 சாம்பிள் என்றால், 44,100 ஹெர்ட்ஸ் பதிவில் (விநாடிக்கு 44,100 சாம்பிள், அதாவது அளவீடு) அது ஏறத்தாழ 93 மில்லி விநாடி. ஸ்னேரில் குச்சி படும் கணமோ ஐந்தாறு மில்லி விநாடிக்குள் முடிந்துவிடும். 93 மில்லி விநாடியை ஒரே படமாகப் பார்க்கிற கருவிக்கு அந்தக் கணம் எங்கே தொடங்கியது என்பது மங்கலாகத்தான் தெரியும். அதனால் அடியின் முனை முன்னும் பின்னும் தீற்றிக்கொள்கிறது. சில்லறைச் சத்தமும் அதே வேலைதான். வால் மங்கி இரைச்சலின் மட்டத்தை நெருங்கும்போது, எது ஸ்னேர் எது இரைச்சல் என்று தெரியாமல் கருவி ஒவ்வொரு அதிர்வெண்ணையும் திறந்து திறந்து மூடுகிறது.

துண்டின் நீளத்தை 512 ஆக்கினால் 12 மில்லி விநாடிக்கு வந்துவிடும், தீற்றல் குறையும். ஆனால் அப்போது தாழ்ந்த அதிர்வெண்களைப் பிரித்தறியும் திறன் போய்விடும். ஒன்றைப் பெற ஒன்றை விட வேண்டும்.

எனவே முனையைத் தொடவே தொடாதீர்கள். ஸ்னேரை இரண்டு டிராக்கில் வையுங்கள். ஒன்றில் அசல், மற்றொன்றில் இரைச்சல் நீக்கியது. முதல் 40 மில்லி விநாடிக்கு அசல் ஒலிக்கட்டும். பிறகு 10 மில்லி விநாடியில் ஒன்று மங்க மற்றது எழும்படி கிராஸ்ஃபேட் செய்து மாற்றுங்கள். முதல் 40 மில்லி விநாடியில் இரைச்சல் அப்படியே இருக்கும், ஆனால் உங்கள் காதுக்குத் தெரியாது. அடியின் பலத்தில் அது மறைந்துகொள்கிறது.

இரண்டு டிராக்கும் சாம்பிள் அளவில் ஒத்திருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இருபது சாம்பிள் பிசகினாலும் சேருமிடத்தில் ஒலி குழாய்க்குள் போனதுபோல் பொள்ளலாகும். அப்புறம், 24 டெசிபல் மிகவும் அதிகம். 6 முதல் 10 போதும்.

தூங்காதகாது எழுதியது:

ஒரு கேள்வி. பாட்டுக்குள் வைத்துக் கேட்டீர்களா, இல்லை ஸ்னேரை மட்டும் சோலோவில் போட்டு, ஹெட்ஃபோனைக் காதில் இறுக்கிக்கொண்டு கேட்டீர்களா?

நம்மில் முக்கால்வாசிப் பேர் செய்வது இரண்டாவது. அப்படிக் கேட்டால் உலகத்தில் எந்த டிரம் ஒலியும் சுத்தமில்லை.

இ-மு நிறுவனத்தின் எஸ்பி-1200 என்ற சாம்ப்ளர் (ஒலித்துண்டுகளைப் பதிந்து வாசிக்கும் கருவி) 1987-இல் வந்தது. 12 பிட், 26.04 கிலோ ஹெர்ட்ஸ். மொத்தமாகச் சேமிக்க முடிந்ததே பத்து விநாடி அளவுதான். இடத்தை மிச்சப்படுத்த, 33 வேக இசைத்தட்டை 45 வேகத்தில் ஓட்டிப் பதிவு செய்து, பிறகு சாம்ப்ளருக்குள் சுருதியை இறக்கினார்கள். பதிவாவது அந்த 26.04-இல் பாதி வரைதான், அதாவது 13 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் பதிவாகவே வழியில்லை. சுருதியை இறக்கிய பிறகு அதுவும் 10 கிலோ ஹெர்ட்ஸுக்குக் கீழே வந்துவிடும். போதாக்குறைக்கு இசைத்தட்டின் கீறல், தூசி, 12 பிட்டின் கரகரப்பு எல்லாம் உள்ளே. அந்த டிரம் ஒலிகளைத்தான் இன்று பலர் காசு கொடுத்துத் தேடுகிறார்கள், கரகரப்பைச் செயற்கையாகச் சேர்க்கப் பிளக்-இன் வாங்குகிறார்கள்.

காதை உறுத்துவது இரைச்சல் அல்ல, இரைச்சல் திடீரென்று வருவதும் திடீரென்று நிற்பதும்தான். மின்விசிறி ஓடுவது உங்களுக்குக் கேட்பதில்லை, நின்றால்தான் கேட்கிறது. ஸ்னேர் விழும்போதெல்லாம் ‘ஸ்ஸ்’ முளைத்து, சாம்பிள் முடிந்ததும் அறுந்தால் பாட்டு மூச்சு வாங்குவதுபோல் இருக்கும். அதே கேசட்டிலிருந்து மௌனப் பகுதி ஒன்றைப் பத்து விநாடி எடுத்து, லூப் செய்து, மிக மெல்லிய அளவில் பாட்டு முழுவதற்கும் அடியில் ஓடவிட்டுப் பாருங்கள். ஸ்னேரின் இரைச்சல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரியாமல் போகும். எதையும் நீக்க வேண்டியதில்லை.

வெட்டுஒட்டு எழுதியது:

தூங்காதகாது சொல்வது கேட்க அழகாக இருக்கிறது. பலமான ஒலியை அமுக்கும் கம்ப்ரஸர் என்று ஒன்று இருப்பதை மறந்துவிட்டார்.

ஸ்னேரின் உச்சத்தை 8 டெசிபல் அமுக்கி, இழந்ததை அதே 8 டெசிபலால் ஈடுகட்டினால், உச்சம் பழைய இடத்தில் நிற்கும். வாலில் இருக்கும் இரைச்சல் 8 டெசிபல் மேலே வரும். பிறகு டிரம் பஸ்ஸில் (எல்லா டிரம்களும் சேரும் தடத்தில்) இன்னொரு கம்ப்ரஸர், கடைசியில் உச்சத்தை எல்லை தாண்டவிடாத லிமிட்டர். தொடக்கத்தில் ‘தெரியவே இல்லை’ என்று விட்ட இரைச்சல், முடிவில் தனி வாத்தியமாக நிற்கும். ஹை-ஹாட் ஒரு தாளச் சுற்றில் பதினாறு முறை விழுகிறது என்றால் இது இன்னும் மோசம். அடர்த்தியான பாட்டில் மறையும், ஒப்புக்கொள்கிறேன். குரலும் ஒரு கிட்டாரும் மட்டும் இருக்கிற இடத்தில்?

அதற்காக ஒலிச்சிற்பி சொன்ன இரண்டு டிராக் வைத்தியமும் முதல் மருந்து அல்ல. நகத்தால் கிள்ளுகிற வேலைக்குக் கோடாலி எதற்கு? அநேகமாக எல்லாச் சாம்ப்ளரிலும் உயர்ந்த அதிர்வெண்களை அடைக்கும் லோ-பாஸ் ஃபில்டரும், நேரத்தோடு அதைத் திறந்து மூடும் ஒரு என்வலப்பும் இருக்கும். ஸ்னேரின் முதல் 40 மில்லி விநாடிக்கு ஃபில்டர் முழுக்கத் திறந்திருக்கட்டும். அதன் பிறகு 250 மில்லி விநாடிக்குள் 16 கிலோ ஹெர்ட்ஸிலிருந்து 4 கிலோ ஹெர்ட்ஸுக்கு மெல்ல மூடட்டும். பொதுவாக டிரம்மின் உயர்ந்த அதிர்வெண்கள்தான் முதலில் மங்குகின்றன. கேசட்டின் இரைச்சல் துருத்திக்கொண்டு கேட்பதும் அதே உயரத்தில்தான். ஆக, ஸ்னேர் காலி செய்த அறையை மட்டும் நீங்கள் பூட்டுகிறீர்கள். சில்லறைச் சத்தம் வரவே வராது.

கேட் போடுகிறேன் என்று யாராவது கிளம்புவதற்கு முன்: ஒலி மங்கியதும் முழுதாக அடைக்கிற கேட் வேண்டாம். 2:1 விகித எக்ஸ்பாண்டர் போதும். வாலைக் கத்தரிக்காமல் சரியவிடும்.

முதல்மிக்ஸ் எழுதியது:

நான் புதியவன், தவறாக நினைக்காதீர்கள். சுத்தமாகப் பதிவு செய்த ஸ்னேர் ஒலிகள் ஆயிரக்கணக்கில் இலவசமாகவே கிடைக்கின்றனவே? ஒரு கேசட்டோடு ஏன் இவ்வளவு போராட்டம்?

கேசட்காலம் எழுதியது:

முதல்மிக்ஸ், கேள்வி நியாயமானதுதான். அந்த டிரம்மர் வாசிப்பதை விட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. டிரம் செட்டும் விற்றாகிவிட்டது. அந்த ஸ்னேரில் ஒரு லக் (தோலை இறுக்கும் பூட்டு) எப்போதும் தளர்ந்தே இருக்கும், எவ்வளவு முடுக்கினாலும் அரை மணி நேரத்தில் இறங்கிவிடும். அந்த ‘ட்டாவ்’ வேறு எந்தத் தொகுப்பிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

வெட்டுஒட்டு சொன்ன ஃபில்டரைப் போட்டுப் பார்த்தேன். பத்து நிமிட வேலை. ஸ்னேரில் முக்கால் பிரச்சினை தீர்ந்தது. 4 கிலோ ஹெர்ட்ஸ் வரை இறக்கியபோது அடியில் இருக்கும் கம்பிகளின் சரசரப்பும் சேர்ந்து மூடிக்கொண்டது. 6-இல் நிறுத்திவிட்டேன்.

ஆனால் சாம்பிள் தொடங்கும் இடத்தில் ஒவ்வொரு முறையும் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வருகிறது. கேசட்டில் அது இல்லை.

அரைமில்லி எழுதியது:

அந்த ‘டிக்’ நீங்கள் வெட்டிய வெட்டு.

அலைவடிவத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். தொடக்கத்தில் கோடு பூஜ்யத்தில் இருக்கிறதா, மேலேயோ கீழேயோ நிற்கிறதா? பூஜ்யமில்லாத இடத்தில் வெட்டியிருந்தால் ஒலிபெருக்கி மௌனத்திலிருந்து அந்த உயரத்துக்கு ஒரே தாவலாகத் தாவ வேண்டும். அந்தத் தாவல்தான் ‘டிக்’.

பூஜ்யத்தைக் கடக்கும் இடமாகப் பார்த்து வெட்டுங்கள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அதற்கு முன் இன்னொன்றைப் பாருங்கள். மௌனப் பகுதியே நடுக்கோட்டுக்குச் சற்று மேலே மிதந்துகொண்டிருந்தால் அது டிசி ஆஃப்செட். பதிவுக் கருவியின் குறைபாடு. அதை வைத்துக்கொண்டு எங்கே வெட்டினாலும் தொடக்கத்தில் ஒரு ‘டிக்’, முடிவில் ஒரு ‘டிக்’. ஆடாசிட்டி மென்பொருளில் நார்மலைஸ் (உச்சத்தை முழு அளவுக்குத் தூக்குவது) சாளரத்திலேயே இதை நீக்க ஒரு தேர்வு இருக்கிறது. மற்றவற்றில் 10 ஹெர்ட்ஸ் அளவில் ஒரு ஹை-பாஸ் (அதற்குக் கீழே உள்ளதை அடைக்கும் ஃபில்டர்) போட்டாலும் சரியாகிவிடும். வெட்டுவதற்கு முன், நீளமான கோப்பிலேயே இதைச் செய்ய வேண்டும். வெட்டிய பிறகு ஃபில்டர் போட்டால் அந்தத் தாவலுக்கே ஃபில்டர் போட்டதாகிவிடும்.

பிறகு, அடி தொடங்குவதற்கு ஒரு மில்லி விநாடி முன்னால் வெட்டி, அந்த ஒரு மில்லி விநாடிக்குள் ஃபேட்-இன் கொடுங்கள். 44 சாம்பிள்தான். அடியின் மேலேயே ஃபேட் ஏறினால் முனை மழுங்கும். ரொம்பத் தள்ளி, பத்துப் பதினைந்து மில்லி விநாடி முன்னால் வெட்டினால் எல்லா அடியும் தாளத்தில் பின்தங்கி விழும். ‘என் பாட்டு ஏன் சோம்பலாக இருக்கிறது’ என்று கேட்டு வருகிற பலருடைய கோப்புகளில் நான் பார்த்தது இந்தப் பத்து மில்லி விநாடியைத்தான். இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு இந்தப் பெயர் வந்தது.

கிக் பற்றி: ஹம் 50 ஹெர்ட்ஸில்தான் இருக்கிறது என்று அளந்தீர்களா, நினைத்துக்கொண்டீர்களா?

கேசட்காலம் எழுதியது:

மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் நினைத்துக்கொண்டேன். இப்போது ஸ்பெக்ட்ரத்தில் (அதிர்வெண் படத்தில்) பார்த்தேன். மேடுகள் 38-க்கு அருகில் ஒன்று, 76-க்கு அருகில் ஒன்று, 113-க்கு அருகில் ஒன்று. இது என்ன கணக்கு?

அரைமில்லி எழுதியது:

கிக்கின் சுருதியை இறக்கியிருக்கிறீர்களா?

கேசட்காலம் எழுதியது:

ஆமாம். கனமாகக் கேட்கட்டும் என்று 5 செமிடோன் (அரைச்சுரம்) இறக்கிச் சேமித்தேன். அதைச் சொல்ல மறந்துவிட்டேன், மன்னிக்கவும்.

அரைமில்லி எழுதியது:

அப்படியென்றால் விடை கிடைத்துவிட்டது. 5 செமிடோன் இறக்கும்போது ஒவ்வொரு அதிர்வெண்ணும் 1.335-ஆல் வகுபடுகிறது. கிக்கோடு சேர்ந்து ஹம்மும் இறங்கிவிட்டது. நீங்கள் 50-இல் நாட்ச் போட்டபோது அங்கே இருந்தது ஹம் அல்ல, கிக்கின் வயிறு. அதைத்தான் வழித்து எடுத்தீர்கள்.

38-இல் நாட்ச் போடுங்கள் என்று சொல்ல மாட்டேன். குறுகிய நாட்ச் தானே சற்று நேரம் அதிரும், கிக்கின் வால் நீண்டு தொங்கும். உங்களிடம் சுருதி இறக்காத அசல் இருக்கிறது அல்லவா? அங்கே போங்கள். ஹம் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருவது. 44,100-இல் 50 ஹெர்ட்ஸ் ஹம்மின் ஒரு சுற்றுக்கு 882 சாம்பிள். கிக் 300 மில்லி விநாடி நீளம் என்றால் பதினைந்து சுற்று, 13,230 சாம்பிள். கிக் விழுவதற்குச் சற்று முன்னால் வெறும் ஹம் மட்டும் ஓடும் 13,230 சாம்பிளை நகலெடுங்கள். அதன் அலையைத் தலைகீழாக்கி (மேடு பள்ளமாக, பள்ளம் மேடாக), சரியாக 13,230 சாம்பிள் தள்ளி, கிக்கின் மேல் வையுங்கள். ஹம்மும் எதிர்-ஹம்மும் ஒன்றையொன்று தின்றுவிடும். கிக்கிலிருந்து ஒரு துளி குறையாது.

ஒலிச்சிற்பி எழுதியது:

அரைமில்லியின் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் இரண்டு இடத்தில் கால் இடறும்.

முதலாவது, நகலெடுக்கும் துண்டில் ஹம் மட்டுமல்ல, கேசட்டின் இரைச்சலும் இருக்கிறது. ஹம் ஒழுங்கானது, அதனால் கழியும். இரைச்சல் ஒழுங்கற்றது, கழியாது, கூடும். சம அளவுள்ள இரண்டு ஒழுங்கற்ற இரைச்சல் சேர்ந்தால் 3 டெசிபல் ஏறும். எனவே அந்த நகலை 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் விட்டு மேலே அடைத்துவிடுங்கள். லீனியர்-ஃபேஸ் ஃபில்டராக இருக்க வேண்டும். சாதாரண ஃபில்டர் அலையின் கட்டத்தை (மேடு பள்ளம் வரும் நேரத்தை) நகர்த்திவிடும், பிறகு கழித்தல் கூட்டலாகிவிடும்.

இரண்டாவது, இது கேசட். ஓடும் வேகம் நிலையாக இராது. 882 என்று நம்பிவிடாமல் அளந்துகொள்ளுங்கள். கழித்தலில் ஆறில் ஒரு சுற்று பிசகினாலே லாபம் பூஜ்யம், அதற்கு மேல் பிசகினால் ஹம் முன்பைவிடப் பலமாகும். 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு சுற்று என்பது 3.3 மில்லி விநாடி, தாக்குப்பிடிக்கலாம். 150-இல் 1.1 மில்லி விநாடிதான். மேலே போகப் போகக் கழியாது.

தூங்காதகாது எழுதியது:

அல்லது பாட்டில் பேஸ் கிட்டார் 38 ஹெர்ட்ஸ் பக்கத்தில் எதையாவது வாசிக்கிறதா என்று பார்த்துவிட்டு, படுத்துத் தூங்கலாம்.

கேசட்காலம் எழுதியது:

செய்துவிட்டேன். அசல் கோப்பில் ஹம் 50 அல்ல, 50.4 ஹெர்ட்ஸ். கேசட் சற்று வேகமாக ஓடியிருக்கிறது. ஒரு சுற்றுக்கு 882 அல்ல, 875 சாம்பிள். பதினைந்து சுற்றுக்கு 13,125. முதலில் 13,230-இல் வைத்துக் கேட்டேன், 150 பக்கம் ஹம் குறையவே இல்லை, கொஞ்சம் ஏறியதுபோலக்கூட இருந்தது. 13,125-இல் வைத்ததும் யாரோ ஒரு கருவியின் சொருகியைப் பிடுங்கியதுபோல் அடங்கியது. 150 ஹெர்ட்ஸில் மட்டும் லேசாக மிச்சம். பிறகு சுருதியை இறக்கினேன். வயிறு அப்படியே இருக்கிறது.

ஒரே ஒரு விசித்திரம். கிக் விழுந்து கால் விநாடி கழித்து, அடியில் இன்னொரு மெல்லிய ‘தொம்’ கேட்கிறது. பேய் போல.

வெட்டுஒட்டு எழுதியது:

நகலெடுத்த துண்டைத் தனியாகக் கேளுங்கள். டிரம்மர் கிக் அடிப்பதற்கு முன் காலைத் தரையில் ஊன்றியிருப்பார். அந்தச் சத்தத்தைத் தலைகீழாக்கி நீங்களே கிக்கின் மேல் ஒட்டிவிட்டீர்கள்.

கேசட்காலம் எழுதியது:

அதேதான்! குதிகால் ஊன்றும் சத்தம். அவர் எப்போதும் அப்படித்தான் வாசிப்பார்.

அரைமில்லி எழுதியது:

முன்னால் இடமில்லை என்றால் பின்னால் போங்கள். கிக் முழுக்க மங்கிய பிறகும் அடுத்த அடி வரை ஹம் ஓடிக்கொண்டுதானே இருக்கும். அங்கிருந்து எடுத்து, முழுச் சுற்றுக் கணக்கில் பின்னோக்கி இழுத்து வையுங்கள். இருபது சுற்று என்றால் 17,500 சாம்பிள். ரொம்பத் தூரம் போகாதீர்கள், கேசட்டின் வேகம் அதற்குள் மாறிவிடும்.

முதல்மிக்ஸ் எழுதியது:

இதையெல்லாம் படித்த பிறகு ஒரு சந்தேகம். நான் ஒரே ஸ்னேரை மெதுவாக, நடுத்தரமாக, பலமாக என்று மூன்று விதமாகப் பதிவு செய்தேன். மூன்றையும் நார்மலைஸ் செய்து சாம்ப்ளரில் ஏற்றினேன். மெதுவாகத் தட்டினால்தான் இரைச்சல் அதிகமாகக் கேட்கிறது. ஏன்?

வெட்டுஒட்டு எழுதியது:

மெதுவான அடியை உச்சத்துக்குத் தூக்கியபோது அதன் இரைச்சலையும் கூடவே தூக்கிவிட்டீர்கள். பிறகு சாம்ப்ளரில் அளவைக் குறைத்தாலும், அடிக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி பலமான அடியில் இருப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். மூன்றையும் ஒரே கோப்பாக வைத்து ஒரே அளவால் உயர்த்துங்கள், தனித்தனியாக வேண்டாம். தாளத்தின் ஏற்ற இறக்கமும் பிழைக்கும்.

கேசட்காலம் எழுதியது:

பின்னாலிருந்து எடுத்த துண்டு வேலை செய்தது. இப்போது கிக் சுத்தம்.

ஸ்னேரில் கடைசியாகச் செய்தது இது: முனையில் அசல், வாலில் மெல்ல மூடும் ஃபில்டர், இரைச்சல் நீக்கி கிடையாது. குரல் மட்டும் வரும் இடத்தில் வெட்டுஒட்டு சொன்னதுபோலவே இரைச்சல் துருத்திக்கொண்டு நின்றது. அங்கே மட்டும் தூங்காதகாது சொன்ன மௌனத் துண்டை அடியில் ஓடவிட்டேன். ஹை-ஹாட்டில் எதையுமே செய்யவில்லை. அதன் சத்தத்துக்கும் கேசட்டின் இரைச்சலுக்கும் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை.

இரண்டு மிக்ஸைப் பழைய டிரம்மருக்கு அனுப்பினேன், எது எது என்று சொல்லாமல். ஒன்றில் குதிகால் சத்தத்தை நீக்காமல் வேண்டுமென்றே விட்டுவைத்திருந்தேன். நேற்று இரவு பதில் வந்தது. ‘முதலாவதில் யாரோ என் காலைத் திருடியிருக்கிறார்கள்’ என்று எழுதியிருந்தார்.

தூங்காதகாது எழுதியது:

இரண்டாவதையே வெளியிடுங்கள்.

அரைமில்லி எழுதியது:

வெளியிடலாம். ஆனால் அந்தக் கால் இப்போது தலைகீழாக, கிக்குக்குப் பிறகு விழுகிறது. அசலில் அது கிக்குக்கு முன்னால் அல்லவா இருந்தது? ஹம் கழித்த கிக்கை வைத்துக்கொண்டு, காலை மட்டும் தனியாக வெட்டி எடுத்து, இருந்த இடத்திலேயே வையுங்கள்.